போர் தவிர்க்க முடியாததா? மலாயாப் போர் தரும் படிப்பினை

உலக சரித்திரத்தைப் புரட்டுகின்ற எவருக்கும் முதலில் எழுகின்ற எண்ணம் ஒன்று உண்டு. மன்னர்கள் மாறினர்; மதங்கள் மாறின; ஆட்சி முறைகள் மாறின; போர் மட்டும் மாறாமல் நின்று வருகிறதே என்பதுதான் அது. வில்லுக்கும் வேலுக்கும் பின் பீரங்கி வந்தது. பீரங்கிக்குப் பின் அணுகுண்டும் வந்தது. கருவி மாறியதே அல்லாமல் காரியம் மாறவில்லை. ஆகவே, போர் என்பது மனித இயல்பு, மழையையும் வெயிலையும் போல அதுவும் வந்தே தீரும், அதனைத் தடுக்க முயல்வது வீண் வேலை என்று சொல்லுவோர் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்து வந்திருக்கின்றனர்.

இக்கூற்றில் உண்மை எவ்வளவு? போர் வந்தே தீருமெனில், அதிலிருந்து பாடம் கற்பதால் பயன் யாது? இவ்விரு கேள்விகளையும் வெறுந் தத்துவமாகப் பேசுவதைவிட, நாம் வாழும் இம்மண்ணின் மீதே நடந்த ஒரு போரை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம். 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை 70 நாட்கள் நடந்த மலாயாப் போரே அது.

பழைய கேள்வி

இக்கேள்வியை முதன்முதலில் ஆழ்ந்து நோக்கியவர்களுள் ஒருவர் கிரேக்க சரித்திராசிரியர் துசிடைடீஸ். அவர் ஏதென்ஸ் நகரத்தின் தளபதிகளுள் ஒருவராயிருந்தவர். ஆம்ஃபிபோலிஸ் என்னும் நகரைக் காக்கத் தவறியமைக்காக நாடு கடத்தப்பட்டவர். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் கி.மு. 431 முதல் 404 வரை நடந்த நெடும்போரின் வரலாற்றை அவர் எழுதினார். ஏதென்ஸின் வளர்ச்சியும், அவ்வளர்ச்சி ஸ்பார்ட்டாவுக்கு உண்டாக்கிய அச்சமுமே போரைத் தவிர்க்க முடியாததாக்கின என்பது அவர் தீர்ப்பு. ஆனால் அதே நூலில், இனி வரும் மக்கள் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தெளிவாக அறிந்து பயன்பெற வேண்டும் என்பதற்காகவே தாம் எழுதுவதாகவும் அவர் குறிக்கிறார்.

இங்கே ஒரு முரண்பாடு தென்படுகிறதல்லவா? தவிர்க்க முடியாத ஒன்றைப் பற்றி வருங்காலத்தார்க்கு ஏன் பாடம் எழுத வேண்டும்? ஆழ்ந்து பார்த்தால் முரண்பாடு மறையும். நாடுகளுக்கிடையே போட்டியும் பொறாமையும் அச்சமும் எழுவது இயற்கை. அவற்றை அடியோடு ஒழித்துவிட எவராலும் ஆகாது. ஆனால் அவ்வச்சம் எந்த நாளில், எந்த இடத்தில், எவர் முடிவால் போராக மூள்கிறது என்பது இயற்கையன்று. மனிதர் செய்யும் தேர்வு. பகை வருவது வேறு. படை எழுவது வேறு. இந்த வேற்றுமையை மறப்பவர்கள் எவ்வாறு இடறி விழுகின்றனர் என்பதை மலாயாப் போரின் முன்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

ஒரு போர், பல பாடங்கள்

மலாயாப் போரின் வேர் மலாயாவில் இல்லை. அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னர் மஞ்சூரியாவில் நடந்த ருஷ்ய-ஜப்பானியப் போரில் அதன் ஒரு வேர் இருக்கிறது. 1904 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, முறைப்படி போர்ப் பிரகடனம் செய்வதற்கு முன்னதாகவே, ஜப்பானியக் கப்பற்படை ஆர்தர் துறைமுகத்தில் நின்ற ருஷ்யக் கப்பல்களைத் தாக்கிற்று. பல்லாயிரம் வீரர்களைப் பலிகொடுத்து அத்துறைமுகத்தை ஜப்பான் 1905 ஜனவரியில் கைப்பற்றிற்று. அவ்வாண்டு மே மாதம் சுஷிமா கடற்போரில் ருஷ்யக் கப்பற்படை அழிந்தது. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசு ஒன்றை வென்ற செய்தி உலகெங்கும் வியப்பை விளைத்தது.

இப்போரைப் பல நாட்டுப் படை அதிகாரிகள் நேரில் இருந்து கவனித்தனர். அவர்கள் கண்ட காட்சி என்ன? முள்கம்பி வேலிகளும், அகழிகளும், இயந்திரத் துப்பாக்கிகளும் முன்னேறி வரும் வீரர்களைப் புற்களைப் போல அறுத்து வீழ்த்தின. ஆனால் அவர்களிற் பலர் எடுத்துச் சென்ற பாடம் யாது? ஜப்பானியர் தாக்கினர், தாக்கியவரே வென்றனர், ஆகவே தாக்கும் துணிவே வெற்றிக்கு வழி என்பதுதான்! பத்தாண்டுகள் சென்றன. 1914 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஒரே நாளில் ஏறக்குறைய 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டனர். மஞ்சூரியாவில் ஜப்பானியப் படையோடிருந்து எல்லாவற்றையும் பார்த்த ஆங்கிலத் தளபதி இயன் ஹாமில்டன், 1915ஆம் ஆண்டு கலிப்போலிப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கித் தோற்றார். கண்ணால் கண்டதே கருத்தில் பதிந்துவிடும் என்பதில்லை.

வென்ற ஜப்பானாவது சரியான பாடத்தைக் கற்றதா? அதுதான் இல்லை. 1905இல் ஜப்பானின் கருவூலம் வறண்டிருந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் வாங்கிய கடனைக் கொண்டே அது போரை நடத்திற்று. மேலும் போரிட இயலாத நிலையில், அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மத்தியஸ்தத்தை நாடி, 1905 செப்டம்பரில் போர்ட்ஸ்மத் உடன்படிக்கை செய்துகொண்டது. இந்த உண்மை மக்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே, வென்ற நாட்டுக்கு நஷ்டஈட்டுப் பணம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டு டோக்கியோவில் மக்கள் கலகம் செய்தனர். பின்னர் வந்த தலைமுறையின் உள்ளத்தில் நின்றது ஒன்றே: திடீரெனத் தாக்கு; துணிந்து போரிடு; பெரிய நாடும் பணியும். எப்போது நிறுத்துவது என்று அறிந்து, நடுநின்று தீர்ப்பாரையும் தேடிக்கொண்டதனாலேயே ஜப்பான் தப்பிற்று என்னும் பாடம் மறக்கப்பட்டது.

தோல்வி கற்பிக்கும் ஆசான் என்பார்கள். வெற்றியும் கற்பிக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் தவறாகக் கற்பிக்கிறது.

எண்ணெயும் விதியும்

1937இல் ஜப்பான் சீனாவோடு பெரும்போர் தொடங்கிற்று. சில மாதங்களில் முடியும் என்று எதிர்பார்த்த அப்போர் நான்கு ஆண்டுகளாகியும் முடியவில்லை. 1941 ஜூலையில் ஜப்பானியத் துருப்புகள் தென் இந்தோசீனாவுக்குள் புகுந்தன. அதற்கு எதிராக அமெரிக்கா ஜப்பானின் சொத்துக்களை முடக்கி, எண்ணெய் ஏற்றுமதியையும் நிறுத்திற்று. ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதியை அமெரிக்காவிலிருந்தே வாங்கி வந்த நாடு. கையிருப்பு நாளுக்கு நாள் கரையத் தொடங்கிற்று.

இந்நிலையில் டோக்கியோவில் நடந்த ஆலோசனைகள் உற்று நோக்கத் தக்கவை. அமெரிக்காவோடு போர் எப்படியும் வரத்தான் போகிறது. எண்ணெய் தீர்ந்த பின் வருவதைவிட இருக்கும்போதே வருவது மேல். ஆகவே இப்பொழுதே தாக்கி, டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகளைக் கைப்பற்றுவோம் என்று தளபதிகள் வாதித்தனர். சீனாவிலிருந்து படைகளைத் திருப்பி அழைத்தால் எண்ணெய்த் தடை நீங்கக் கூடும் என்னும் மூன்றாவது வழி ஒன்று இருக்கவே இருந்தது. ஆனால் அவ்வழி அவமானம் எனத் தள்ளப்பட்டது. அதனைத் தள்ளிய பிறகு, வேறு வழியில்லை என்றனர். வேறு வழியில்லாமையால் போர் வரவில்லை. இருந்த வழியை அடைத்துவிட்டதனால் வந்தது.

இதிலும் வேதனையான செய்தி ஒன்றுண்டு. ஜப்பானிய அரசாங்கமே அமைத்த முழுப்போர் ஆராய்ச்சிக் கழகம், இளம் அதிகாரிகளையும் படையினரையும் நிறுவனத்தாரையும் ஒன்றுகூட்டி, போர் மூண்டால் என்ன நடக்கும் என்று கணக்கிடச் சொல்லிற்று. 1941 ஆகஸ்டில் அவர்கள் தங்கள் முடிவை அமைச்சர்கள் முன் வைத்தனர். முதலில் சில வெற்றிகள் கிடைக்கும், போர் நீளும், நாட்டின் வளம் தாங்காது, இறுதியில் தோல்வியே என்பது அம்முடிவு. அப்போது போர் அமைச்சராயிருந்த டோஜோ, இஃது ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கினார். ருஷ்யாவோடு போரிட்டபோதும் வெல்வோம் என்று எண்ணியா இறங்கினோம் என்பது அவர் கூறிய சமாதானம். 1904இல் தவறாகக் கற்ற பாடம் 1941இல் மீண்டும் தலைதூக்கியதை இங்கே காண்கிறோம்.

அறிந்தும் ஆயத்தமாகாதவர்

இனி மறுபக்கம் பார்ப்போம். பிரிட்டிஷார் ஜப்பானின் எண்ணத்தை அறியாதிருந்தனரா? நன்கு அறிந்தே இருந்தனர். 1921இலேயே சிங்கப்பூரில் கடற்படைத் தளம் அமைக்க முடிவு செய்ததும், 1938இல் செம்பாவாங்கில் அதனைத் திறந்து வைத்ததும் ஜப்பானைக் கருத்திற் கொண்டுதான். தளம் இருந்தது, தளத்தில் நிற்கக் கப்பற்படை இல்லை. ஆபத்து வரும்போது ஐரோப்பாவிலிருந்து பெரும்படை வந்து சேரும் என்பது திட்டம். அது வந்து சேரும்வரை சிங்கப்பூர் தாங்கி நிற்கவேண்டிய காலம் முன்னர் 70 நாட்கள் என வகுக்கப்பட்டிருந்தது. 1939இல் அது 90 நாட்களாகவும், ஐரோப்பாவில் போர் மூண்டதும் 180 நாட்களாகவும் நீட்டப்பட்டது. காலத்தை நீட்டியவர்கள் அதற்கேற்பப் படைபலத்தைக் கூட்டவில்லை.

1937ஆம் ஆண்டு மலாயாத் தலைமைத் தளபதி டோபியின் கீழிருந்த அதிகாரி ஒருவர், எதிரி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே சிங்கோரா, பட்டாணி, கோத்தா பாரு கரைகளில் இறங்கித் தெற்கு நோக்கி வரக்கூடும் என்று மதிப்பிட்டு எழுதினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது அப்படியே அதுதான். அந்த அதிகாரியின் பெயர் ஆர்தர் பெர்சிவல். 1941 மே மாதம் மலாயாப் படைகளின் தலைமையை ஏற்றவரும், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டவரும் அவரே! நோயை முன்கூட்டி அறிந்த வைத்தியரே அந்நோய்க்கு இரையானது போன்ற கதை இது.

அறிவு இருந்தது; ஆயத்தம் இல்லை. மலாயாவைக் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டன் தலைமைத் தளபதிகள் கணக்கிட்டிருந்தனர். போர் தொடங்கிய நாளில் முன்வரிசையில் இருந்தவை 158. அவையும் பழைய மாதிரிகள். டாங்கி ஒன்றுகூட இல்லை. எதிரியிடம் 200க்கு மேற்பட்ட டாங்கிகள் இருந்தன. காடுகளின் ஊடே படை வர முடியாது என்றும், ஜப்பானிய விமானிகளுக்குக் கண்பார்வை போதாது என்றும் அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தனர். பிறரை இழிவாக எண்ணும் பழக்கம் அறிவின் கண்ணை எவ்வாறு மறைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஜப்பானியரோ தைவானில் ஒரு சிறு குழுவை அமைத்து, வெப்ப நாட்டுப் போரைப் பற்றி 1941 தொடக்கத்திலிருந்தே ஆராய்ந்தனர். அதன் முடிவுகளைச் சிறு நூலாக அச்சிட்டுக் கப்பலேறிய வீரர்கள் கையில் கொடுத்தனர். தோட்டங்களுக்காகவும் ஈயச் சுரங்கங்களுக்காகவும் போடப்பட்ட நல்ல சாலைகளில் அவர்கள் மிதிவண்டியில் விரைந்து வந்தனர். பாலங்கள் தகர்க்கப்பட்ட இடத்தில் மிதிவண்டியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தனர்.

1941 டிசம்பர் 8 நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கும் முன்னதாக, கோத்தா பாருக் கரையில் முதல் படை இறங்கிற்று. டிசம்பர் 10இல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டும் விமானத் துணையின்றிச் சென்று குவாந்தான் கடலில் மூழ்கின. 840 பேர் மாண்டனர். ஜித்ரா அரண் இரண்டு நாளில் உடைந்தது. ஜனவரி 7இல் சிலிம் ஆற்றங்கரையில் டாங்கிகள் சில மணி நேரத்தில் அணிகளைப் பிளந்தன. ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜனவரி 31இல் ஜொகூர் கடற்பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 8 இரவு எதிரி தீவில் கால் வைத்தான். எழுபதாம் நாள் சிங்கப்பூர் பணிந்தது. உதவி வந்து சேரத் தேவை என்று முன்னர் வகுத்திருந்த அதே 70 நாட்கள்!

சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலை நோக்கியே இருந்தன, அவற்றைத் திருப்ப முடியவில்லை, அதனால்தான் தோல்வி என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அஃது அரை உண்மை. பீரங்கிகளிற் பலவற்றை நிலத்தை நோக்கித் திருப்ப முடிந்தது; திருப்பிச் சுடவும் செய்தனர். ஆனால் பெரும் பீரங்கிகளுக்கு இருந்த குண்டுகளில் மிகுதியானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்குச் செய்யப்பட்டவை. பரந்து வரும் காலாட்படை மீது அவற்றால் பயன் குறைவு. பீரங்கியைவிட, திரும்ப மறுத்தது தலைவர்களின் சிந்தனையே. தீவின் வடகரையில் அரண்கள் கட்டுமாறு பொறியியல் தளபதி சிம்சன் 1941 டிசம்பர் இறுதியில் மன்றாடியபோது, அதனால் மக்களும் படையினரும் மனந்தளர்வர் என்று மறுக்கப்பட்டது.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அந்த அளவுகோலால் அளந்தால், பிரிட்டிஷார் மூன்றிலும் தவறினர். ஜப்பானியர் காலத்தையும் இடத்தையும் அறிந்தனர். ஆனால் தம் வலியையும் எதிரியின் வலியையும் சீர்தூக்காமற் போயினர். ஆகவே முன்னவர் 70 நாட்களில் தோற்றனர். பின்னவர் மூன்றரை ஆண்டுகள் கழித்துத் தோற்றனர். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் திரும்பிய காற்று, 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் சாம்பலில் வந்து முடிந்தது.

பாரம் சுமந்தவர் யார்?

தலைவர்கள் கணக்கில் தவறினால் விலை கொடுப்பவர் மக்கள். 1941 டிசம்பரில் பினாங்கு மீது குண்டுகள் விழுந்தன. சில நாட்களில் ஐரோப்பியர் இரவோடிரவாகத் தீவை விட்டு அகன்றனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். கோர்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தமையால் விமானங்கள் மேலும் வந்து தாக்கக்கூடும் என்றுணர்ந்து, அக்கொடியை இறக்கியவர் இலங்கைத் தமிழரான பத்திரிகாசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. நகரைக் காப்பார் இல்லை, இனித் தாக்க வேண்டா என்று வானொலி வழியாக அறிவித்தவரும் அவரே. ஆண்டவர்கள் ஓடிய நேரத்தில் ஆளப்பட்டோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் குழு அமைத்து நின்றனர். அன்று இறங்கியது ஒரு கொடி மட்டும் அன்று. வெள்ளையர் ஆட்சி அசைக்க முடியாதது என்ற நம்பிக்கையும் அதனோடு இறங்கிற்று.

சிங்கப்பூர் வீழ்ந்ததும் சீன மக்கள் ஆயிரக்கணக்கில் பொறுக்கி எடுத்துக் கொல்லப்பட்டனர். மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் தருவித்த நாடு. ரப்பரும் ஈயமும் விற்று அரிசி வாங்கும் வாழ்வு ஒரே நாளில் நின்றது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று.

தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பட்ட பாடு தனியே சொல்லத்தக்கது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் ரயில் பாதை அமைக்க ஜப்பானியர் திட்டமிட்டனர். 1942இல் தொடங்கிய அவ்வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகளில் சுமார் 60,000 பேர் அதில் ஈடுபடுத்தப்பட்டு, 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் அவர்களிலும் பன்மடங்கு மிகுதி. மாண்டவரும் பன்மடங்கு மிகுதி. மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கூட்டங் கூட்டமாக வாரிக்கொண்டன. போர்க் கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயரோடு நிற்கின்றன. நம் மக்களில் பெரும்பாலோர்க்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. கைதிகளுக்குத் தம் அதிகாரிகள் எழுதிய கணக்கு இருந்தது. லயத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவனுக்கு எவர் கணக்கு எழுதினார்? வரலாற்றில் எழுதப்படாதவர்கள் இரண்டாம் முறையும் மாள்கிறார்கள். போரிலிருந்து பாடம் கற்பது என்பதன் முதற்படி, மாண்டவர்களைக் கணக்கில் சேர்ப்பதுதான்.

தவிர்க்கப்பட்ட போர்கள்

வந்த போர்களை மட்டும் பார்ப்பவர்க்குப் போர் தவிர்க்க முடியாததாகவே தோன்றும். வராத போர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1962 அக்டோபரில் கியூபாத் தீவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்கா கண்டறிந்தது. 13 நாட்கள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உடனே தாக்க வேண்டும் என்று ஜனாதிபதி கென்னடியிடம் வற்புறுத்தியோர் பலர். ஆனால் அவர், 1914இல் ஐரோப்பிய நாடுகள் ஒருவர் எண்ணத்தை ஒருவர் தவறாக மதித்துப் பெரும்போரில் விழுந்த வரலாற்றை விவரிக்கும் பார்பரா டக்மனின் 'ஆகஸ்ட் துப்பாக்கிகள்' என்னும் நூலை அண்மையில்தான் படித்திருந்தார். அந்நினைவு அவர் மனத்தில் நின்றது. எதிரிக்கு முகம் காட்டிப் பின்வாங்க ஒரு வழி விட்டார். குருஷேவும் அவ்வழியைப் பற்றினார். மறு ஆண்டு இரு தலைநகர்களுக்கும் நேர்த் தொடர்பு ஏற்பட்டது. அணுகுண்டுச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. 1904ஐத் தவறாகப் படித்தவர் 1941இல் போரைத் தொடங்கினர். 1914ஐச் சரியாகப் படித்தவர் 1962இல் போரைத் தவிர்த்தார்.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவோடு கொண்ட மோதலில் போர்னியோ எல்லையில் உயிர்கள் மாண்டன. சிங்கப்பூரில் குண்டுகள் வெடித்தன. அது பெரும்போராக மூளாதவாறு அடக்கி வைக்கப்பட்டு, 1966 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டு, 1967 ஆகஸ்ட் 8இல், முன்னாள் பகைவர் ஒரே மேசையில் அமர்ந்து பாங்காக்கில் ஆசியான் அமைப்பை நிறுவினர். பின்னர் சிப்பாடான், லிகித்தான் தீவுகள் பற்றி மலேசியாவும் இந்தோனேசியாவும், பெட்ரா பிராங்கா பற்றி மலேசியாவும் சிங்கப்பூரும் வழக்கிட்டபோது, அனைத்துலக நீதிமன்றத்தை அணுகி, 2002இலும் 2008இலும் வந்த தீர்ப்புகளை ஏற்றுக்கொண்டன. ஒரு பாறைத் தீவுக்காகக் கப்பற்படைகள் மோதிய கதைகள் உலகில் எத்தனையோ உள. இங்கே வழக்கறிஞர்கள் மோதினர், ஒருவரும் சாகவில்லை.

பாடத்தையும் எடைபோட வேண்டும்

ஆயினும், பேச்சே போதும், படை வேண்டா என்று முடிவு கட்டிவிடலாகாது. 1914இன் அழிவைக் கண்ட பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன், மற்றொரு பெரும்போர் வேண்டா என்று 1938இல் மியூனிக் நகரில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தார். ஓராண்டுக்குள் போர் வந்தது. பின்னர் 1956இல் சூயஸ் கால்வாய் விஷயத்தில், பிரதமர் ஈடன் மியூனிக் பாடத்தை நினைவிற் கொண்டு, எகிப்தின் நாசரை இன்னொரு ஹிட்லராக எண்ணிப் படை அனுப்பினார். உலகோர் கண்டனத்துக்கு ஆளாகிப் பின்வாங்கினார். அடங்காப் பசிகொண்டவனும் இருக்கிறான். அச்சத்தால் கத்தியெடுப்பவனும் இருக்கிறான். எதிரே நிற்பவன் எவன் என்று தெரியாமல் பழைய பாடத்தை ஒப்பிப்பவன், மருந்துச் சீட்டை மாற்றிக் கொடுக்கும் வைத்தியனாவான்.

மலாயா மக்கள் 1941இல் எவரோடும் பகை கொள்ளவில்லை. ஆனாலும் போர் அவர்கள் வாசலுக்கு வந்தது. தன்னைக் காக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டவன், அப்பிறர் ஓடும் நாளில் அநாதையாகிறான். பிரிட்டன் தன் படைகளைச் சூயஸுக்குக் கிழக்கேயிருந்து விலக்கிக்கொள்வதாக 1968இல் அறிவிப்பதற்கு முன்னரே, 1967இல் சிங்கப்பூர் தேசிய சேவையைச் சட்டமாக்கியது இப்பாடத்தின் பயனே. 1984இல் வகுத்த முழுமைத் தற்காப்புத் திட்டம், படையோடு மட்டும் நில்லாமல் பொருளாதாரம், சமூக ஒற்றுமை, மன உறுதி ஆகியவற்றையும் அரண்களாகக் கொண்டது. சரணடைந்த நாளான பிப்ரவரி 15ஐயே அதன் நினைவு நாளாகக் கொண்டாடுவது கருதத்தக்கது. தோற்ற நாளை மறைக்காத நாடு கற்றுக்கொள்ள முன்வந்த நாடு.

நாம் கொள்ளவேண்டியவை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் துலங்குகின்றன. முதலாவது, நாடுகளுக்கிடையே பிணக்கு வருவதைத் தடுக்க முடியாவிடினும், ஒவ்வொரு பிணக்கும் போராக வேண்டும் என்னும் விதி எங்கும் எழுதப்படவில்லை. போர் வந்தே தீரும் என்று நம்புகிறவர்களே பல வேளைகளில் அதனை விரைந்து அழைத்து வருகின்றனர். இரண்டாவது, அறிவு வேறு, ஆயத்தம் வேறு. வரப்போவதை எழுதி வைத்தவரே அதற்கு இரையான கதையைக் கண்டோம். மூன்றாவது, வென்றவரின் பெருமிதமும் தோற்றவரின் கசப்பும் பாடத்தைத் திரித்துவிடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் பழைய போர்களைப் புதிதாக ஆராய்ந்து படிக்க வேண்டும்.

இளைஞர்கள் இதனைத் தளபதிகளின் கதையாக மட்டும் படிக்கலாகாது. இன்னும் நம்மிடையே சில முதியவர்கள், சிறு வயதில் மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்த நாட்களையும், சயாமுக்குப் போன தந்தை திரும்பாத துயரத்தையும் நெஞ்சில் சுமந்து வாழ்கின்றனர். அவர்கள் குரல் அடங்குமுன் அருகே அமர்ந்து கேட்டு எழுதி வைப்பது பிள்ளைகளின் கடமை. அரசாங்கங்களின் ஏட்டில் இடம் பெறாதவர்களுக்குக் குடும்பத்தின் ஏட்டிலாவது இடம் இருக்கட்டும். போரின் விலை இன்னது என்று அறிந்த மக்கள், வேறு வழியில்லை என்று தலைவர்கள் சொல்லும் நாளில், மற்ற வழிகளை எல்லாம் பார்த்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். அக்கேள்வி 1941இல் டோக்கியோவில் உரக்கக் கேட்கப்பட்டிருந்தால், காஞ்சனபுரிக் காட்டில் நம்மவர் எத்தனையோ பேர் மாளாமல் வீடு திரும்பியிருப்பார்கள்.